ரேண்டம் வைப்ரேஷனில் கெபாசிட்டர் கால் முறிந்தது: பெட்டியின் குறையா, ஃபிக்ஸ்சரின் குறையா?

கருடப்பார்வை கேட்டது:

விமானத்தின் பக்கச்சுவரில் மாட்டும் மின்னணுப் பெட்டி ஒன்றுக்கு வைப்ரேஷன் குவாலிஃபிகேஷன் (அதிர்வைத் தாங்குமா என்ற தகுதிச் சோதனை) ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் அச்சிலேயே நின்றுவிட்டது. விவரம் முழுவதும் தருகிறேன்.

பெட்டி 6.5 கிலோ. பின்பக்கத் தகட்டில் நான்கு எம்5 ஸ்க்ரூ. உள்ளே மூன்று போர்டு, மூன்றும் பின்தகட்டுக்கு இணையாக, இரண்டு விளிம்பிலும் வெட்ஜ்லாக் (ஆப்புபோல் இறுக்கும் பிடி). டெஸ்ட் பிளானில் இருப்பது மில்-ஸ்டாண்டர்டு-810 (அமெரிக்க ராணுவச் சோதனைத் தரம்) சொல்லும் குறைந்தபட்ச உறுதி அளவு: 20 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை 0.04 ஜி²/ஹெர்ட்ஸ் (ஒவ்வொரு ஹெர்ட்ஸிலும் உள்ள அதிர்வின் அடர்த்தி), அங்கிருந்து 2000 வரை ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவைக்கும்) 6 டெசிபெல் இறக்கம். மொத்தம் 7.7 ஜி ஆர்எம்எஸ் (வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம்), அச்சுக்கு 1 மணி நேரம்.

ஃபிக்ஸ்சர் (பெட்டியை ஆட்டும் மேசையோடு பிணைக்கும் சட்டம்) எல் வடிவம், 6061-டி6 அலுமினியம். அடித்தகடு 300 × 300 × 25 மிமீ. நிற்கும் தகடு 300 அகலம், 200 உயரம், 32 தடிமன். அடியில் ஐந்து எம்8 போல்ட். ஸ்லிப் டேபிளில் (கிடையாக ஆட்டும் மேசை) வைத்து, நிற்கும் தகட்டுக்குச் செங்குத்தான திசையில் ஆட்டினோம். கன்ட்ரோல் ஆக்சிலரோமீட்டர் (ஆட்டும் அளவைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் அதிர்வு உணரி) ஒன்றுதான், ஸ்லிப் பிளேட்டில் ஒட்டியிருந்தது.

38-வது நிமிடத்தில் பவர் சப்ளையில் ரிப்பிள் ஏறி, பெட்டி தன் குறையைத் தானே அறிவித்தது. திறந்து பார்த்தால் 16 மிமீ விட்டம், 31 மிமீ உயரமுள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஒரு கால் சால்டருக்குச் சற்று மேலே முறிந்திருக்கிறது. பிறகு பெட்டியின் மேல் ஸ்க்ரூ பக்கத்தில் இன்னொரு ஆக்சிலரோமீட்டர் ஒட்டி, குறைந்த அளவில் ஓட்டிப் பார்த்ததில் 430 ஹெர்ட்ஸில் 18 டெசிபெல் அதிகமாக எழும்புகிறது. முன்னதாக எடுத்த 0.5 ஜி சைன் ஸ்வீப்பில் கெபாசிட்டர் உள்ள போர்டின் முதல் ரெசோனன்ஸ் (இயல்பாகவே பெரிதாக ஆடும் அதிர்வெண்) 142 ஹெர்ட்ஸ்.

இது டிசைன் குறையா, ஃபிக்ஸ்சர் செய்த வேலையா? 430-இல் நாட்ச் போட்டு (அந்த அதிர்வெண்ணில் மட்டும் அளவைக் குறைத்து) ஓட்டலாமா? கெபாசிட்டரை மாற்றிவிட்டு மீதி 22 நிமிடத்தை மட்டும் ஓட்டி முடிக்கலாமா?

ஸ்லிப்டேபிள் எழுதியது:

முதலில் ஃபிக்ஸ்சர். அந்த நிற்கும் தகட்டை ஒரு பக்கம் பிடித்த கான்டிலீவராக எடுத்துக் கணக்குப் போட்டால், வெறும் தகடே சுமார் 650 ஹெர்ட்ஸில் ஆடும். அதுவும் அடிப்பக்கம் இம்மியும் அசையாது என்று வைத்துக்கொண்டால். அதன்மேல் 6.5 கிலோ பெட்டியை, தகட்டிலிருந்து வெளியே தள்ளிய புவியீர்ப்பு மையத்தோடு மாட்டி, ஐந்து போல்ட்டின் நெகிழ்வையும் சேர்த்தால் 430-க்கு இறங்குவதில் ஆச்சரியமே இல்லை. 2000 ஹெர்ட்ஸ் வரை ஓட்டும் டெஸ்டுக்கு 430-இல் ஆடும் ஃபிக்ஸ்சர் ஆகாது.

பெட்டி உண்மையில் என்ன வாங்கியது என்று பாருங்கள். 18 டெசிபெல் என்றால் அடர்த்தி 63 மடங்கு. 0.04 இருக்க வேண்டிய இடத்தில் 2.5 ஜி²/ஹெர்ட்ஸ். அந்த முகட்டின் கூர்மை (அதிர்வெண்ணை அகலத்தால் வகுத்தது) 15 என்று வைத்தால் அகலம் 29 ஹெர்ட்ஸ் வரும். அந்தச் சிறு பட்டையில் மட்டும் சுமார் 10.7 ஜி ஆர்எம்எஸ். மொத்தமாகச் சேர்த்தால் மேல் ஸ்க்ரூவில் 13 ஜி-யை ஒட்டி வரும். கன்ட்ரோலர் திரையில் 7.7 என்று பச்சைக் கோட்டுக்குள் அழகாக ஓடியிருக்கும். அது ஸ்லிப் பிளேட்டின் அளவு, பெட்டியின் அளவு அல்ல.

கன்ட்ரோல் ஆக்சிலரோமீட்டர் இருக்க வேண்டிய இடம் பெட்டியின் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில், ஃபிக்ஸ்சர் மேல். நான்கு மூலை உள்ள பெட்டிக்குக் குறைந்தது இரண்டு, முடிந்தால் நான்கு வைத்துச் சராசரிக் கன்ட்ரோலில் ஓட்டுங்கள். ஆனால் இதை மட்டும் செய்துவிட்டு ஃபிக்ஸ்சரை அப்படியே விட்டால் போதாது. எல் தகடு 430-இல் ஆடும்போது மேல் ஸ்க்ரூ அதிகம் நகரும், கீழ் ஸ்க்ரூ குறைவாக நகரும். மேலே 0.07, கீழே 0.01 என்று இருந்தால் சராசரி சரியாக 0.04 காட்டும். கன்ட்ரோலருக்குத் திருப்தி, பெட்டிக்கு இரண்டு பக்கமும் தப்பு.

ஃபிக்ஸ்சரைத் திருத்த வழி: நிற்கும் தகட்டின் பின்புறம் இரண்டு முக்கோண விலா, 25 மிமீ தடிமன், தகட்டின் முழு உயரத்துக்கும். வெல்டு செய்வது மேல். போல்ட் என்றால் ஒன்றுக்கொன்று 75 மிமீ-க்கு மிகாமல் எம்10, உரசும் முகங்கள் மெஷின் செய்து சமமாக. போல்ட் எண்ணிக்கையில் கஞ்சம் பிடித்தால் மூட்டு திறந்து மூடும், 1000-க்கு மேல் கோடு முழுக்க இரைச்சலாகும். எஃகில் செய்தால் விறைப்பு கூடாதா என்று கேட்பார்கள். எஃகு, அலுமினியம், மெக்னீசியம் மூன்றுக்கும் விறைப்பைப் பொருளின் அடர்த்தியால் வகுத்தால் ஏறக்குறைய ஒரே எண். அதே வடிவில் எஃகில் செய்தால் எடை மூன்று மடங்கு ஆகுமே தவிர, வெறும் ஃபிக்ஸ்சரின் ரெசோனன்ஸ் நகராது. வடிவத்தில்தான் விறைப்பு இருக்கிறது.

செய்ததும் வெறும் ஃபிக்ஸ்சரை ஓட்டுங்கள், பிறகு 6.5 கிலோ டம்மி எடையோடு. டம்மியின் புவியீர்ப்பு மையமும் பெட்டியின் இடத்திலேயே இருக்கட்டும். மற்ற இரண்டு அச்சுகளையும் கூடவே அளந்து பாருங்கள்: 810-படி எந்த அதிர்வெண்ணிலும் குறுக்கு அச்சின் ஆக்சிலரேஷன் ஓட்டும் அச்சில் 0.45 பங்குக்குள், அடர்த்தியில் 0.2 பங்குக்குள் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வரம்புதான். எல் வடிவம் முதலில் தோற்பது பெரும்பாலும் இதில்தான்.

பலகை_மீனா எழுதியது:

ஸ்லிப்டேபிள் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு "ஃபிக்ஸ்சர்தான் கெபாசிட்டரைக் கொன்றது, டிசைன் நல்லது" என்று முடிவுகட்டி விடாதீர்கள்.

38 நிமிடம் தாங்கியது என்பதே ஒரு தடயம். 810-இல் வழக்கமாகப் போடும் கணக்கில், அடர்த்தி இரண்டு மடங்கானால் சோர்வு 16 மடங்கு வேகமாக ஏறும். அது வெறும் 3 டெசிபெல்லுக்கு. அந்தக் காலின் ஆட்டம் 430-இன் மேலேயே உட்கார்ந்திருந்தால், 63 மடங்கு அடர்த்தியில் 38 நிமிடம் ஓடியிருக்காது. ஓட ஆரம்பித்ததுமே போயிருக்கும். ஆகவே முறித்தது வேறு அதிர்வெண் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். உங்களிடம் இருக்கும் எண்ணில் கண்ணில் படுவது 142.

142-இல் ஃபிக்ஸ்சர் எவ்வளவு கூட்டியது? 430-இல் ரெசோனன்ஸ் உள்ள அமைப்பு 142-இல் சுமார் 1.12 மடங்குதான் பெருக்கும், அதாவது 1 டெசிபெல். அந்த இடத்தில் பெட்டி கிட்டத்தட்ட சரியான அளவைத்தான் வாங்கியிருக்கிறது.

இப்போது போர்டு. பெருக்கத்தை அதிர்வெண்ணின் வர்க்கமூலமாக, 142-க்குச் சுமார் 12 என எடுத்து மைல்ஸ் சூத்திரத்தில் (ரேண்டம் ஆட்டத்தின் ஆர்எம்எஸ் தரும் கணக்கு) போட்டால் போர்டின் நடுவில் 10.3 ஜி ஆர்எம்எஸ். மூன்று சிக்மா (ஆர்எம்எஸ் அளவின் மூன்று மடங்கு) 31 ஜி. இடப்பெயர்ச்சி ஒரு பக்கத்துக்கு 0.38 மிமீ. போர்டு எவ்வளவு நீளம், பெரிய பிஜிஏ (அடியில் சால்டர் பந்துகளால் போர்டில் பிடித்த சிப்) ஏதாவது இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. 200 மிமீ நீளம், 1.6 மிமீ தடிமன், நடுவில் 35 மிமீ பிஜிஏ என்றால், ஸ்டைன்பெர்க் சூத்திரம் (போர்டு எவ்வளவு வளையலாம் என்ற வரம்பு) அனுமதிப்பது சுமார் 0.34 மிமீ. தாண்டிவிட்டீர்கள். இன்று கெபாசிட்டர் போனது, நாளை பிஜிஏ-வின் மூலைப் பந்து போகும். அது பார்வைக்கும் தெரியாது.

கெபாசிட்டர் எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். போர்டு வளையும்போது நடுவில் ஏற்ற இறக்கம் அதிகம், சாய்வு இல்லை. வெட்ஜ்லாக் பிடித்த விளிம்புக்கும் நடுவுக்கும் இடையில்தான் சாய்வு அதிகம். அங்கே 31 மிமீ உயர டப்பா நின்றால் அதன் தலை பக்கவாட்டில் தள்ளாடும். முழுத் தள்ளாட்டத்தையும் இரண்டு கம்பிக் கால் தாங்க வேண்டும். முறிவு சால்டருக்குச் சற்று மேலே என்கிறீர்கள். வளைவுச் சோர்வு வழக்கமாக வருகிற இடம் அதுதான். முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் பாருங்கள். எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து இரண்டு விரிசல் உள்ளே வந்து நடுவில் சிறு பகுதி மட்டும் பிய்ந்திருந்தால் தள்ளாட்டம்தான். கால் மெலிந்து இழுபட்டிருந்தால் வேறு கதை. அந்தப் போர்டைத் துடைக்காதீர்கள், காலை மறுபடி சால்டர் செய்யாதீர்கள்.

இவ்வளவு உயர டப்பாவை ஒட்டாமல் நிற்கவைத்ததே குறை. கன்ஃபார்மல் கோட்டிங் அதைப் பிடிக்காது, அது ஈரத்துக்கு. முதல் தேர்வு, படுக்கவைத்து, உடல் முழுநீளமும் போர்டில் பதியுமாறு ஒட்டி, போர்டில் துளையிட்டு ஒரு கட்டு. இடம் இல்லையென்றால் ஒன்றுக்குப் பதில் உயரம் குறைந்த இரண்டு அல்லது மூன்று. நின்றே ஆக வேண்டுமென்றால் சுற்றிலும் குறைந்தது மூன்று இடத்தில் எபாக்சி அல்லது உறுதியான சிலிகோன், டப்பாவின் பக்கவாட்டில் ஏறி நிற்கும்படி. ஒரே பக்கம் மட்டும் ஒட்டினால் மறுபக்கம் கீலாகிவிடும். பசை டப்பாவுக்கு அடியில் புகுந்து நிரம்பவும் கூடாது. வெப்பத்தில் அது விரிந்து டப்பாவை மேலே தள்ளும், கால் இழுபடும்.

போர்டை விறைப்பாக்குவது தனி வேலை. நடுவில் ஒரு தாங்கி, அல்லது குறுக்கே ஒரு விலா. 200 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனால் இடப்பெயர்ச்சி 0.25 மிமீ-க்கு இறங்கும், பிஜிஏ பிழைக்கும். ஆனால் மூன்று சிக்மா ஆக்சிலரேஷன் 31-லிருந்து 40 ஜி ஆகும். கனமான பாகங்களுக்கு அது கூடுதல் சுமை. அதனால் விறைப்பாக்கல் பசைக்கு மாற்று ஆகாது, இரண்டும் வேண்டும். பெட்டி உடலின் ரெசோனன்ஸ் போர்டைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரச்சீட்டு எழுதியது:

மற்ற இரண்டு கேள்விக்கு.

நாட்ச் என்ற சொல்லை இங்கே இரண்டு அர்த்தத்தில் புழங்குகிறோம். கன்ட்ரோல் புள்ளியை ஃபிக்ஸ்சரில் ஸ்க்ரூ பக்கம் மாற்றியதால் 430-இல் ஷேக்கருக்கு (ஆட்டும் இயந்திரம்) போகும் டிரைவ் குறைந்தால் அது நாட்ச் இல்லை. பெட்டிக்குச் சொன்ன அளவைத்தான் கொடுக்கிறீர்கள். பெட்டியின் உள்ளே உள்ள போர்டு அதிகம் ஆடுகிறது என்று 142-இல் டிரைவைக் குறைத்தால், அதுதான் நாட்ச். டெஸ்டின் அளவையே குறைக்கிறீர்கள். முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. இந்திய ராணுவ விமானத்துக்கான பெட்டி என்றால் டெஸ்ட் பிளானுக்கு ஒப்புதல் தருவது செமிலாக்கின் (ராணுவ விமானத் தகுதிச் சான்று மையம்) வட்டார அலுவலகமான ஆர்சிஎம்ஏ, டெஸ்டைப் பக்கத்தில் நின்று பார்ப்பது டிஜிஏக்யூஏ (விமானத் தர உறுதி இயக்ககம்). கன்ட்ரோல் புள்ளி மாற்றத்தைக்கூட அவர்களுக்குப் படத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மீண்டும் தொடங்க வேண்டும்.

மீதி 22 நிமிடம் மட்டும் ஓட்டுவது: கூடாது. ஓடிய 38 நிமிடம் தப்பான அளவில் ஓடியது. அதைத் தேறியதாகவும் எண்ண முடியாது, தோற்றதாகவும் எண்ண முடியாது. அதோடு, மீனா சொன்ன திருத்தம் டிசைன் மாற்றம். பசை, தாங்கி சேர்த்த பெட்டி வேறு கட்டமைப்பு. முதல் அச்சின் முதல் நிமிடத்திலிருந்து மூன்று அச்சும் ஓட வேண்டும்.

அடி வாங்கிய பெட்டியைக் குவாலிஃபிகேஷனுக்கு எடுக்காதீர்கள். மற்ற சால்டர்களின் ஆயுள் எவ்வளவு கரைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அது ஃபிக்ஸ்சர் சரிபார்க்கவும், பசையைச் சோதிக்கவும் பயன்படட்டும். புதுப் பெட்டிக்கு முதலில் ஸ்க்ரீனிங்: 1979-இன் நாவ்மேட் (அமெரிக்கக் கடற்படை ஆவணம்) வடிவம், 6.06 ஜி ஆர்எம்எஸ், 10 நிமிடம். அது அசெம்ப்ளிக் குறையை வெளியே கொண்டுவர மட்டும். அதில் தேறியதைக் காட்டிக் குவாலிஃபிகேஷன் நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு, ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கருடப்பார்வை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மீனா மேடம், உங்கள் ஊகம் சரி: போர்டு 200 மிமீ, நடுவில் 35 மிமீ பிஜிஏ, கெபாசிட்டர் விளிம்பிலிருந்து கால்பங்கு தூரத்தில். முறிந்த முகத்தில் இரண்டு பக்கமிருந்தும் விரிசல் வந்திருக்கிறது.

விலா இரண்டும் வெல்டு செய்து, டம்மியோடு ஓட்டியாயிற்று. முதல் ரெசோனன்ஸ் இப்போது 1080 ஹெர்ட்ஸ். நான்கு புள்ளிச் சராசரியில் மேல் இடது மூலை மட்டும் அங்கே 3.5 டெசிபெல் கூடுதல். எங்கள் பிளானில் வரம்பு 3.

பழைய பெட்டியில், கெபாசிட்டரைப் படுக்கவைத்து ஒட்டி, போர்டில் சிறு ஆக்சிலரோமீட்டரும் ஒட்டி ஓட்டினோம். போர்டு கோட்டில் இரண்டு விசித்திரம்: 50 ஹெர்ட்ஸில் ஊசிபோல் ஒரு முள், 30-க்குக் கீழே ஒரு மேடு. போர்டு அங்கே ஆட வாய்ப்பே இல்லை.

ஸ்லிப்டேபிள் எழுதியது:

இரண்டும் போர்டின் ஆட்டம் இல்லை.

50-இல் முள் என்றால் மின்சார லைன். ஆம்ப்ளிஃபையர் ஆனில் இருக்க, டிரைவ் கொடுக்காமல் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். முள் அப்படியே நின்றால் கிரவுண்டு லூப். ஆக்சிலரோமீட்டரின் உடல் போர்டின் செம்பைத் தொட்டு, பெட்டியின் கிரவுண்டும் அளவுக் கருவியின் கிரவுண்டும் சேர்ந்துவிடுகின்றன. அடியில் மெல்லிய கேப்டன் (மின்கடத்தாப் பிளாஸ்டிக்) நாடா ஒட்டி, அதன்மேல் சயனோஅக்ரிலேட்டில் ஒட்டினால் போய்விடும். கன்ட்ரோல் சேனலிலும் அதே முள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கன்ட்ரோலர் அதை உண்மை என்று நம்பி 50-இல் டிரைவைக் குறைத்திருக்கும்.

30-க்குக் கீழே மேடு, கேபிள் அடிப்பது. பெட்டி மூடியின் துளை வழியாக வெளியே வரும் கேபிள் தொங்கிக்கொண்டிருக்கும். சென்சாரிலிருந்து 30 முதல் 50 மிமீ-க்குள் போர்டிலேயே ஒரு கட்டு, அடுத்து பெட்டி உடலில் ஒன்று, அடுத்து ஃபிக்ஸ்சரில் ஒன்று. ஆடாத தரைக்குப் போகும் இடத்தில் ஒரு தளர்ந்த வளையம். பெட்டியின் பவர், சிக்னல் ஹார்னஸுக்கும் இதே கவனம் வேண்டும்: விமானத்தில் முதல் கிளாம்ப் எந்தத் தூரத்தில் வருமோ அதே தூரத்தில் இங்கும் கட்டுங்கள். தொங்கவிட்டால் கனெக்டரின் பின்கள் விமானத்தில் வாங்காத அடியை வாங்கும்.

சென்சாரின் எடையையும் பாருங்கள். 1.6 மிமீ போர்டில் 5 கிராம் சென்சார் ஒட்டினால் போர்டின் அதிர்வெண்ணே இறங்கும். அரை கிராம் வகை வேண்டும்.

மேல் இடது மூலை: ஃபிக்ஸ்சரைக் கைவைக்கும் முன் அந்த மூலையின் ஸ்க்ரூ முகத்தைப் பாருங்கள். மெஷின் செய்த முகத்தில் 0.1 மிமீ இடைவெளி இருந்தாலும் அங்கே மட்டும் இப்படி எழும்பும். முகம் சரி என்றால் நிற்கும் தகட்டின் மேல் விளிம்பில் குறுக்கே ஒரு பட்டை. கன்ட்ரோலரில் 400 கோடு (அதிர்வெண் பிரிவு) வைத்திருந்தால் 800 ஆக்குங்கள். 5 ஹெர்ட்ஸ் இடைவெளி 20 ஹெர்ட்ஸ் தொடக்கத்துக்கு மிகவும் கரடு.

பலகை_மீனா எழுதியது:

புதுப் பெட்டிக்கு ஒவ்வொரு அச்சிலும் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் 0.5 ஜி ஸ்வீப் எடுங்கள். 10 முதல் 2000 வரை, நிமிடத்துக்கு 1 ஆக்டேவ், ஒரு தடவை போக 8 நிமிடத்துக்குள் முடியும். டிஓ-160ஜி (விமானக் கருவிகளுக்கான சோதனைத் தரம்) சொல்வதுபோல், கொடுத்ததில் இரண்டு மடங்குக்கு மேல் எழும்பும் அதிர்வெண் ஒவ்வொன்றையும் குறித்து வையுங்கள். ஸ்வீப்பை ஸ்வீப்போடு மட்டும் ஒப்பிடுங்கள். முழு அளவு ரேண்டமில் மூட்டுகள் வழுக்குவதால் அதே போர்டு சில ஹெர்ட்ஸ் கீழே காட்டும், அது சேதம் இல்லை.

ஓட்டுவதை -12 டெசிபெல்லில் தொடங்கி, -9, -6, -3 என்று ஏற்றுங்கள். -12-இல் மொத்தம் 1.9 ஜி-தான். அங்கேயே நான்கு மூலையும் போர்டும் எப்படி வருகின்றன என்று பார்த்துவிட்டு ஏறலாம். பெட்டி ஆனில் இருந்து முழு நேரமும் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும், பவர் ரிப்பிளையும் ஒரு சேனலில் பதிவு செய்யுங்கள். இந்த முறை குறையைக் காட்டிக்கொடுத்ததே அதுதான்.

தாங்கி வைத்த போர்டின் புது முதல் ரெசோனன்ஸ் 200 என்று வந்தால், ஓட்டம் முடிந்ததும் அது 190-க்குக் கீழே போயிருக்கிறதா பாருங்கள். 5 சதவீத இறக்கம் என்றால் விறைப்பில் ஏறக்குறைய 10 சதவீதம் காணோம். உடனே பெட்டியைத் திறந்து முதலில் வெட்ஜ்லாக்கின் டார்க், அடுத்து தாங்கியின் ஸ்க்ரூ, அதற்கடுத்து பசையின் ஓரம்.